தை வெயிலை எதிர்பார்த்து ஒரு சூரியகாந்திப் பாத்தி
சப்பிரகமுவத் தோட்டப்பகுதி வீட்டுத்தோட்டக்காரருக்கு

சூரியகாந்தி வெயிலை விரும்பும் பயிராகும். சப்பிரகமுவ மாகாணமோ இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்றாகும். இரத்தினபுரி நகரில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்கின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதன எனத் தோன்றினும், காலத்தைச் சரியாகக் கணித்து நடுபவருக்கு இப்பயிர் பயன் தராமற் போவதில்லை. லயன்களின் பின்புறத்திலும் புதிய தனிவீடுகளின் சுற்றுப்புறத்திலும் காய்கறி பயிரிட்டுவரும் குடும்பங்களும், பள்ளத்தாக்குகளில் நெற்செய்கை பண்ணும் கமக்காரரும், ஐப்பசி மாதத்து அடைமழை பெய்துகொண்டிருக்கும்போதே இதற்கான ஏற்பாடுகளைத் தொடங்குதல் வேண்டும்.

குளிர் நாடுகளில் சூரியகாந்தி பயிரிடுவோர் உறைபனி நீங்கி மண் சூடேறும் வசந்த காலத்துக்காகக் காத்திருக்கின்றனர். நமது பகுதியில் உறைபனி இல்லை. மண் எக்காலத்தும் போதிய சூடுடையது. நமக்குத் தடையாக நிற்பது குளிரன்று, மழையே. ஆகவே, நாம் காத்திருக்க வேண்டியது தை, மாசி மாதங்களின் வெயிலுக்காகும். காத்திருக்கும் காலம் வீணாகும் காலமன்று. மண்ணைத் திருத்தவும், விதையைச் சோதிக்கவும், இடத்தைத் தெரிந்தெடுக்கவும் அதுவே ஏற்ற காலமாகும்.

பயிரின் வரலாறு

சூரியகாந்தியின் தாயகம் வட அமெரிக்காவாகும். அந்நாட்டின் பழங்குடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே இதனைப் பயிராக்கி, விதையை இடித்து மாவாகவும் உண்டனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் இதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். அங்கு நெடுங்காலம் இது பூந்தோட்டத்து அழகுச் செடியாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய நாட்டுக் குடியானவர்கள் இதனைப் பெரும் எண்ணெய்ப் பயிராக மாற்றினர். பின்னர் அந்நாட்டு விஞ்ஞானி புஸ்தவோயித் என்பார் தொடர்ந்து தெரிவு செய்து, விதையின் எண்ணெய் அளவைப் பெரிதும் உயர்த்தினார். அவ்வினங்களுட் சில 1969ஆம் ஆண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அதன் பின்னரே தமிழ்நாடு, கர்நாடகம் முதலிய இராச்சியங்களின் வயல்களில் இது எண்ணெய்ப் பயிராகப் பரவியது. இலங்கையில் தேங்காயெண்ணெயே முதன்மை பெற்றமையால், சூரியகாந்தி உலர்வலயத்தில் சிறிதளவே பயிரிடப்படுகின்றது.

தோட்டப்பகுதிகளில் வாழ்வோர் இதன் உறவினமொன்றை நன்கறிவர். கேகாலை மாவட்டத்து வீதியோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் மஞ்சட் பூக்களுடன் ஆளுயரத்துக்கு மேல் புதராக வளரும் காட்டுச் சூரியகாந்தியே அதுவாகும். அதன் விதை உணவுக்கோ எண்ணெய்க்கோ பயன்படாது. ஆயினும், அதன் இலை தழைச்சத்தும் சாம்பற்சத்தும் மிக்க சிறந்த பசுந்தாட் பசளையாகும். இவ்வுண்மை பின்னர்க் கூறப்படும் மண் திருத்தத்துக்கு உதவும்.

எவ்வளவு பயன் கிடைக்கும்?

எப்பயிரையும் தொடங்குமுன் கணக்குப் பார்த்தல் நன்று. நல்ல நிலத்தில் இரண்டு அடிக்கு ஓர் அடி இடைவெளியில் நடப்பட்ட வயலொன்று ஏக்கருக்கு 600 கிலோகிராம் விதை தருமாயின், ஒரு செடிக்கு 27 கிராம் அளவே வீதமாகும். ஆகவே, 40 செடிகளைக் கொண்ட வீட்டுப் பாத்தியில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் விதையை எதிர்பார்க்கலாம். அதனைச் செக்கிலிட்டாற் கிடைக்கக்கூடிய எண்ணெய் மூன்றிலொரு போத்தலளவே இருக்கும். எண்ணெய்ச் செலவைக் குறைப்பதற்காக மட்டும் இதனை நடுவோர் ஏமாற்றமடைவர்.

அவ்வாறாயின் நடுவதன் பயன் யாது? முதலாவது, விதையை வறுத்து உண்ணலாம்; அது புரதமும் கொழுப்பும் நிறைந்த உணவாகும். இரண்டாவது, விதை நீக்கிய பூத்தட்டும் பதரும் கோழிகளுக்குத் தீனியாகும். மூன்றாவதே காய்கறிச் செய்கையாளருக்கு முக்கியமானது. பூத்த சூரியகாந்தி தேனீக்களை ஏராளமாக அழைத்துவரும். பூசணி, பாகல், வெள்ளரி, புடோல் ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூப்பதால், தேனீ முதலிய பூச்சிகள் வாராவிடின் பிஞ்சுகள் வெம்பி உதிரும். அப்பந்தல்களுக்கு அருகே ஒரு வரிசை சூரியகாந்தி இருப்பின் பூச்சிகளின் வரவு மிகும்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உணவுப்பொருட்களும் எண்ணெயும் விலையேறியதும் எவரும் மறக்கவில்லை. நாட்சம்பளத்தை நம்பிய குடும்பங்களுக்கு அந்நாட்களில் வீட்டின் பின்னாலுள்ள சிறு நிலம் கைகொடுத்தது. ஆதலால், கீரைக்கும் போஞ்சிக்கும் கத்தரிக்கும் உரிய நிலத்தை அழித்துச் சூரியகாந்தி நடுதல் ஏற்றதன்று. ஓரத்து வரிசையாக அதனை வைத்துக்கொள்வதே அறிவுடைமையாகும்.

காலக் கணிப்பு

சப்பிரகமுவவில் மே மாதந் தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இடைப்பருவத்து இடிமழையும் பெய்கின்றன. சனவரியும் பெப்ரவரியுமே மழை மிகக் குறைந்த மாதங்கள். மார்ச் மாத நடுப்பகுதியில் பிற்பகல் இடிமழை மீண்டும் தொடங்கும்.

சூரியகாந்தியின் ஆயுள் ஏறக்குறைய 90 நாட்களாகும். விதைத்த 55 முதல் 65 நாட்களிற் பூக்கும். பூக்கும்போது மழை பெய்யின் தேனீ வாராது. மகரந்தம் கழுவப்பட்டு விதை பதராகும். முற்றும்போது மழை பெய்யின் பூத்தட்டு அழுகும். எனவே, பூக்கும் நாளும் முற்றும் நாளும் வெயிற் காலத்துள் அமைய வேண்டும். நவம்பர் மாதக் கடைசி வாரந் தொடக்கம் டிசெம்பர் நடுப்பகுதிவரை விதைப்பின், பூ சனவரி இறுதியிலோ பெப்ரவரி முற்பகுதியிலோ விரியும். அறுவடை மார்ச் மழைக்கு முன்னரோ அதன் தொடக்கத்திலோ முடியும். தைப்பொங்கலுக்கே பூ வேண்டுமென்று ஒக்டோபரில் விதைப்போர் நாற்றுக்களை அடைமழைக்குப் பலியிடுவர்.

பெரும்போக நெல் விதைப்பு முடிந்து சற்று ஓய்வு கிடைக்கும் நாட்களும் இவையே. ஆயினும், சேறு நிறைந்த தாழ்ந்த வயல்களில் இப்பயிர் வேரழுகி மாயும். வயலை அடுத்த மேட்டு நிலமே உகந்தது.

மாகாணம் முழுவதும் ஒரே தன்மையதன்று. தெரணியகலை, யட்டியாந்தோட்டை, எகலியகொடைப் பகுதிகளில் மழை மிக அதிகம். அங்கு டிசெம்பர் முதல் வாரத்துக்குப் பின்னர் விதைப்பதே பாதுகாப்பானது. பலாங்கொடைக்குக் கிழக்கே மழை குறைகின்றது. எம்பிலிப்பிட்டிப் பகுதி உலர்வலயத்தைச் சார்ந்தது. நீர்ப்பாசன வசதியுள்ள இடங்களில் அங்கே சிறுபோகத்திலும் பயிரிடலாம்.

இடமும் சரிவும்

நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாது நேர் வெயில் விழும் இடமே இதற்கு வேண்டும். இறப்பர் மரநிழலிலும் பலா மரத்தடியிலும் செடி மெலிந்து நெடிதாய் வளர்ந்து சாயும், பூவும் சிறுக்கும். மழைக்காலத்திலேயே வெயில் எறிக்கும் நாட்களில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நிழல் எங்கு விழுகின்றதெனப் பார்த்து முளையடித்து வைத்தல் நன்று. டிசெம்பர், சனவரி மாதங்களிற் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், காய்கறிப் பாத்தியின் வடக்கு ஓரத்தில் சூரியகாந்தியை நடுக. அதன் நிழல் காய்கறிகளின் மேல் விழாது.

சரிவான நிலத்தில் வாழ்வோர் இன்னொன்றையும் கருதுதல் வேண்டும். 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் தேதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து குடும்பங்கள் பல மண்ணிற் புதையுண்டன. மலைச்சரிவில் அமைந்த எவ்வீட்டுக்கும் அது ஓர் எச்சரிக்கையாகும். பாத்தி அமைப்பதற்காக வீட்டின் பின்னாலுள்ள மண்மேட்டை வெட்டுதல் ஒருபோதும் ஆகாது. சமவுயரக் கோட்டின் வழியே பாத்தியை அமைத்து, கீழோரத்தில் கல்லடுக்கோ புல்வரிசையோ இடுதல் வேண்டும். வடிகாலின் நீர் வீட்டுச் சுவரை நோக்கியோ கீழ் லயனை நோக்கியோ பாயலாகாது. நிலத்திற் புதிய வெடிப்புத் தோன்றினாலும், மரங்கள் சாய்ந்தாலும், ஊற்று நீர் திடீரெனக் கலங்கினாலும் பயிரை மறந்து உடனே வெளியேறி அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். மலைச்சரிவு பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கைகளை மழைக்காலத்தில் நாள்தோறும் கேட்டறிக.

தோட்ட நிலத்தில் நீண்டகாலம் வாழ்ந்தும் அதில் உரித்தில்லாத குடும்பங்கள் பல. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டில் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிதாக ஒரு துண்டு நிலத்தைத் திருத்துமுன் தோட்ட நிருவாகத்திடம் கேட்டு அனுமதி பெற்றுக்கொள்வது பின்னர் வரக்கூடிய பிணக்கைத் தவிர்க்கும். ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு பெற்றோருக்கு அதன் பரப்பு ஏறக்குறைய 1,900 சதுர அடியாகும். வீடு போக எஞ்சிய இடத்தில் 80 சதுர அடியை இப்பயிருக்கு ஒதுக்கினாற் போதும்.

மண்ணைத் திருத்துதல்

இப்பகுதியின் செம்மஞ்சள் மண் மழையினாற் கழுவுண்டு அமிலத்தன்மை மிகுந்தது. தேயிலைக்கு அம்மண் உகந்ததே. சூரியகாந்திக்கோ பீ.எச். 6 முதல் 7.5 வரையுள்ள மண் வேண்டும். அமில மண்ணில் வேர் தடித்துக் குறுகி, நீரையும் சத்தையும் ஈர்க்க இயலாது நிற்கும். இதுவே தோட்டப்பகுதி வீட்டுத்தோட்டங்களில் சூரியகாந்தி குட்டையாய் நின்றுவிடுவதற்குரிய தலையாய காரணமாகும்.

விதைப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர், 80 சதுர அடிப் பாத்திக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோகிராம் டொலமைட்டுத் தூளைப் பரவி, ஓர் அடி ஆழத்துக்குக் கொத்திக் கலக்குதல் வேண்டும். மண்ணைச் சோதித்து அளவை அறிந்துகொள்வது இன்னும் நன்று. விறகடுப்புச் சாம்பல் அமிலத்தைக் குறைப்பதோடு சாம்பற்சத்தையும் அளிக்கும். ஆதலால், மழைக்காலத்தில் அதனை நனையாது ஒரு தகரத்திற் சேர்த்துவைத்தல் வேண்டும். டொலமைட்டையும் சாம்பலையும் மாட்டெருவுடனோ யூரியாவுடனோ ஒரே நாளிற் கலத்தலாகாது. தழைச்சத்து ஆவியாகிப் பயனின்றிக் கழியும். இரண்டுக்குமிடையே இரண்டு வாரமேனும் கழிதல் வேண்டும்.

அதன் பின்னர் 20 கிலோகிராம் அளவு மக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ இடுக. காட்டுச் சூரியகாந்தி இலையையும் கிளிசிறிடியா இலையையும் நறுக்கி, சாணக் கரைசல் தெளித்து, ஐப்பசி மாதத்திலேயே குவித்து மூடிவைப்பின், விதைக்கும் நாளுக்குள் அது மக்கத் தொடங்கியிருக்கும். காட்டுச் சூரியகாந்தியை விதை முற்றுமுன் வெட்டுதல் வேண்டும்; அன்றேல் பாத்தி முழுவதும் களையாய் முளைக்கும். தழைச்சத்தை அளவுக்கு மிஞ்சி இடுதலும் கூடாது. இலை மிகுந்து தண்டு மென்மையாகிக் காற்றிற் சாயும்.

நீர் தேங்காதிருக்கப் பாத்தியை முக்கால் அடி உயரமும் நான்கு அடி அகலமும் உடையதாய் அமைத்து, இருபுறமும் வடிகால் வெட்டுக.

விதையும் விதைப்பும்

கலப்பின விதையிலிருந்து பெற்ற விதையை மறுபோகத்துக்கு வைத்திருப்பின் செடிகள் ஒரே தன்மையாக வாரா. விதையைச் சேமித்துத் தொடர்ந்து பயிரிட விரும்புவோர் திறந்த மகரந்தச் சேர்க்கையுடைய இனத்தைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அறுவடை செய்த புது விதை ஏறத்தாழ ஒன்றரை மாதம் உறங்கும். அதற்குள் விதைத்தால் முளைக்காது. பறவைத் தீனியாக விற்கப்படும் விதை பழையதாயிருக்கக்கூடும். ஆதலால், 20 விதைகளை ஈரத் துணியிற் சுற்றி ஒரு வாரம் வைத்துப் பார்க்க. 16 விதையேனும் முளைப்பின் அது நல்ல விதையாகும்.

பாத்தியின் நீளவாட்டில் இரண்டு அடி இடைவெளியில் இரு வரிசைகள் அமைத்து, வரிசையில் ஓர் அடிக்கு ஒரு குழியாக, ஒன்றேகால் அங்குல ஆழத்தில் இவ்விரண்டு விதைகளை இடுக. 20 அடி நீளப் பாத்தியில் 40 செடிகள் நிற்கும். ஒரே நீண்ட தனிவரிசையாக நடுவதிலும் இவ்வாறு சேர்த்து நடுவதே தேனீக்கு எளிது. பத்தாம் நாளில் வலிய நாற்றொன்றை விட்டு மற்றதைக் கிள்ளியெறிக. சூரியகாந்தியின் ஆணிவேர் பிடுங்கி நடுதலைத் தாங்காது. மழை ஓயாத இடங்களில் வாழை மட்டைக் கிண்ணத்திலோ கடதாசிக் கிண்ணத்திலோ விதையிட்டு, கூரையோர வெளிச்சத்தில் வைத்து, நான்கு இலை விடுமுன் கிண்ணத்துடனேயே குழியில் இறக்கலாம்.

முதல் மூன்று வாரங்களில் நத்தைகளே பெரும் பகைவர். மாலையில் விளக்குடன் சென்று, கையை இலையாற் பாதுகாத்து, அவற்றைப் பொறுக்கி அழித்தல் வேண்டும். முப்பதாம் நாளளவிற் களையெடுத்து, செடியின் அடியில் மண் அணைத்து, உலர்ந்த புல்லால் மூடுக.

பூக்கும் காலத்துப் பராமரிப்பு

தை மாதத்து வெயில் தொடங்கியதும் பீலித் தண்ணீர் குறையும். பல வீடுகளுக்கு ஒரே குழாய் என்னும் நிலையுமுண்டு. முளைக்கும்போதும், மொட்டு விடும்போதும், பூக்கும்போதும், விதை நிறையும்போதும் ஈரம் குறையலாகாது. அரிசி கழுவிய நீரையும் காய்கறி கழுவிய நீரையும் வாளியிற் சேர்த்து அடிக்கு ஊற்றலாம். சவர்க்கார நீரைத் தவிர்க்க.

இளஞ்செடியின் மொட்டுச் சூரியனுடன் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கித் திரும்பி, இரவில் மீண்டும் கிழக்கு நோக்கும். முற்றிய பூ அவ்வாறு திரும்பாது. கிழக்கையே நோக்கி நிற்கும். காலை வெயிலில் விரைந்து சூடேறும் அப்பூக்களையே தேனீக்கள் அதிகம் நாடுகின்றன என்பது 2016ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியாற் புலனாயிற்று. ஆதலால், பாத்தியின் கிழக்குப் பக்கம் திறந்த வெளியாயிருத்தல் நன்று.

நாம் ஒரு பூவென்று கூறுவது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டமாகும். அவை வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி ஒரு வாரத்துக்கு மேலாகச் சிறிது சிறிதாய் விரியும். தேனீ குறைந்த இடங்களில், காலை 9 மணி முதல் 11 மணிக்குள், மெல்லிய துணி சுற்றிய கையால் ஒரு பூத்தட்டை மெதுவாய்த் தடவிப் பின் அடுத்ததைத் தடவுக. அன்றேல் இரு பூத்தட்டுகளை மென்மையாய் ஒன்றோடொன்று உரசுக. இதனை ஒன்றுவிட்டொரு நாள் நான்கைந்து முறை செய்தால் நடுப்பகுதியும் பதராகாது நிறையும். மஞ்சள் இதழ்கள் விரியத் தொடங்குகையில் ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு கிராம் வீதம் வெண்காரத்தைக் கரைத்துத் தெளிப்பதும் விதை நிறைவுக்கு உதவும். அளவு மிஞ்சினால் இலை கருகும்.

பூக்கும் நாட்களிற் பூச்சிநாசினி எதனையும் தெளித்தலாகாது. தேனீ மடிவதோடு காய்கறிப் பந்தலும் காய்ப்பின்றிப் போகும். பூத்தட்டைத் துளைக்கும் புழுக்களைக் கையாற் பொறுக்கியெடுக்க. இதழ் வாடியதும் கிளியும் அணிலும் வரும். பழைய நுளம்பு வலையையோ மெல்லிய சீலைத் துண்டையோ பூத்தட்டின்மேற் கட்டிக் காத்துக்கொள்க. பொலிதீன் பையைக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

அறுவடையும் பின்னர் செய்ய வேண்டியனவும்

பூத்தட்டின் முதுகு பச்சை நிறம் மாறி எலுமிச்சை மஞ்சளானதும், ஓரத்து இலைகள் பழுப்பானதும் அறுக்கலாம். மார்ச் மாத மழை முந்தி வருமாயின், முதுகு மஞ்சளானவற்றை ஓர் அடித் தண்டுடன் வெட்டி, கூரைத் தாழ்வாரத்திலோ அடுப்படிக்கு மேலோ தலைகீழாய்த் தொங்கவிடுக. காய்ந்ததும் இரு தட்டுகளை உரசினால் விதை உதிரும். பாயில் மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத போத்தலில் அடைத்து வைக்க. மறுவருடத்துக்கு வேண்டிய விதையைப் பெரிய, நன்கு நிறைந்த தட்டின் வெளிவட்டத்திலிருந்து எடுத்துத் தனியே வைத்தல் வேண்டும்.

தண்டுகளை நறுக்கிக் கூட்டெருக் குழியில் இடுக. அதே பாத்தியில் அடுத்த ஆண்டும் சூரியகாந்தி நட்டால் நோய்கள் பெருகும். சித்திரை மழையுடன் அங்கு வெண்டியோ கீரையோ வற்றாளையோ பயிரிடுதல் தகும்.

கால அட்டவணை

ஒக்டோபர்: வெயில் படும் இடம் தெரிதல், அனுமதி பெறல், டொலமைட்டு இடல், தழைகளை மக்கவைத்தல்.
நவம்பர்: பாத்தியும் வடிகாலும் அமைத்தல், எரு இடல், விதைச் சோதனை.
நவம்பர் இறுதி முதல் டிசெம்பர் நடுப்பகுதி வரை: விதைத்தல், நாற்றுக் கலைத்தல், நத்தை பொறுக்கல்.
சனவரி: மண் அணைத்தல், மூடாக்கிடல், நீர் ஊற்றல்.
பெப்ரவரி: கையால் மகரந்தம் சேர்த்தல், கிளி காத்தல்.
மார்ச்: அறுவடை, உலர்த்தல், விதை சேமித்தல்.

இவ்வாண்டு முதன்முறையாக முயல்வோர் பத்துச் செடிகளுடன் தொடங்குவது போதுமானது. அவரவர் கொல்லையின் மண்ணும் மழையும் எத்தன்மையன என்பதை அப்பத்துச் செடிகளே காட்டும். ஐயங்களை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுத் தெளியலாம். 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை கிடைக்கும். மழை பெய்துகொண்டிருக்கும் இந்நாட்களில் ஒரு தகரம் சாம்பலும் ஒரு குவியல் தழையும் சேர்த்துவைக்கும் குடும்பமே தை வெயில் வரும்போது ஆயத்தமாயிருக்கும்.